ஒம்பதாம் மெஷின் ஸ்டூல்

வேண்டாம்மா, ஸ்டூலெல்லாம் இழுத்துப் போடாத. நான் நின்னுக்கிறேன். உக்காந்தா எழுந்திரிக்கிறதுதான் பெரும்பாடு. கையை ஊனி, வயித்தைப் புடிச்சுக்கிட்டு, ஒரு பக்கமாச் சாஞ்சு... பார்த்தா உனக்கே பாவமா இருக்கும். இந்தச் செவுத்துல சாஞ்சுக்கிறேன், போதும். நீ உன் வேலையைப் பாரு, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன்.

மூச்சு வாங்குறது படியேறினதாலதான், வேற ஒண்ணும் இல்ல. லிஃப்ட் ஓடலைன்னு கீழே வாட்ச்மேன் சொன்னாரு. மூணு மாடி. டாக்டரைக் கேட்டா ஏறக்கூடாதுன்னுதான் சொல்லுவாங்க, அதனால யாரையும் கேக்கல. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு வந்தேன். ரெண்டாவது மாடியில திரும்பிப் போயிடலாம்னு இருந்துச்சு. அது மூச்சு வாங்கினதால இல்ல. சரி, விடு.

மேடம்னு கூப்பிடாத. அது அங்க, கார்மென்ட்ஸ் கம்பெனியில, அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கிட்டு லைன் முன்னாடி நிக்கும்போது. இங்க என்ன மேடம். அக்கான்னு கூப்பிடு. வாய் வரலைன்னா ஒண்ணும் கூப்பிடாத, அதுவும் சரிதான். நான் உன்னை ஒம்பதுன்னுதானே கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். மூணு வருஷம் என் லைன்ல இருந்த, ஒம்பதாம் மெஷின்னா நீ. பேர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்ல. கீழே போர்டுல உன் பேரைப் பார்த்துட்டு, வேற யாரோ தையல்காரின்னு நினைச்சுத் தாண்டிப் போயிட்டேன்னா பாரேன்.

இந்தா, ரெண்டு பேண்ட். யூனிஃபார்ம் பேண்ட்தான். திங்கக்கிழமை டூட்டிக்குப் போறேன், ரெண்டு மாச லீவு முடியுது. இடுப்புப் பட்டி இருக்கு பாரு, சரியா தையல் மேலேயே உக்காருது. பேண்ட் தையலைச் சொல்லல, என் தையலைச் சொல்றேன். பட்டியைப் பிரிச்சுட்டு, அகலமா எலாஸ்டிக் வச்சு, தொப்புளுக்கு மேல வர்ற மாதிரி ஏத்திக் குடுத்துடு. இறுக்கம் வேண்டாம். இப்ப ஒண்ணு முடிச்சாப் போதும், இன்னொண்ணு மெதுவாத் தைக்கலாம்.

லைன்ல இருபத்தெட்டு பேர் இருக்காங்களே, அவங்கள்ல ஒருத்திகிட்ட குடுக்கக் கூடாதான்னு கேக்கிறியா. கேளு, கேக்க வேண்டிய கேள்விதான். ரெண்டு பஸ் மாறி, மூணு மாடி ஏறி இங்க எதுக்கு வரணும். சொல்றேன். சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் இரு.

கர்ப்பப்பையை எடுத்தாச்சும்மா. ரேடியோன்னு கூப்பிடுவோமே, அவ ஆபரேஷன்னு உனக்குச் சொல்லலையா? அவதான் உன் அட்ரஸ் குடுத்தா. உன் பக்கத்து மெஷின்ல இருந்துக்கிட்டு காதுலயே கத்திக்கிட்டிருப்பாளே, இன்னும் அப்படியேதான் இருக்கா, அவ பேட்டரி மட்டும் தீரவே மாட்டேங்குது. ஆனா அவளுக்கே என்ன ஆபரேஷன்னு தெரியாது. லீவு லெட்டர்ல வயித்து ஆபரேஷன்னு மட்டும்தான் எழுதினேன். மேனேஜர் அல்சரான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கம்பெனியில எனக்கு அல்சர்தான். பாத்துக்கோ, எவ்வளவு சுலபமா வருது எனக்குப் பொய்.

ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்துச்சும்மா அந்த ரத்தப் போக்கு. மாசத்துல பதினஞ்சு நாள், சில மாசம் இருபது. வயசாகுது, நிக்கப் போற நேரத்துல அப்படித்தான் இருக்கும்னு நானே எனக்கு டாக்டர் ஆயிட்டேன். துணி மேல துணி வச்சுக்கிட்டு, எட்டு மணி நேரம் நிக்கணும். நிக்கிறதோட முடிஞ்சுடுதா, எவ எழுந்து போனாலும் அவ மெஷின்ல உக்காந்து ஓட்டணும், லைன் நிக்கக் கூடாதே. நீலப் பேண்ட் எனக்கு ஒரு வரம்மா. எதையும் காட்டிக் குடுக்காது. தையல்காரிங்களுக்கு என்ன கலர் வேணும்னாலும் போட்டுக்கலாம், சூப்பர்வைசர் மட்டும் நீலம்னு ரூல் போட்டான் பாரு, அந்தப் புண்ணியவானை நினைச்சு எத்தனை நாள் கும்பிட்டிருக்கேன்.

யாருகிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர்கிட்டகூட. அவரு லாரி ஷெட்ல பெயின்ட் அடிக்கிறவர், வந்ததும் சாப்பிட்டுப் படுத்துடுவாரு. ரெண்டு வருஷம் என் துணியை நானே ஊற வச்சு, நானே கசக்கி, அவரு கண்ணுல படாம பின்னால உள் கொடியில காயப் போட்டுட்டேன். என்னத்துக்கு வெட்கம், யாருகிட்ட வெட்கம், எனக்கே தெரியல. திருடின மாதிரி ஒரு ஒளிச்சல்.

அப்புறம் ஒரு நாள் ஆஃபீஸ் படியில தலை சுத்தி விழுந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. லேடி டாக்டர், என் பையன் வயசுதான் இருக்கும். கண்ணைக் கீழ இழுத்துப் பார்த்துட்டு எத்தனை நாளா இப்படின்னு கேட்டா. ரெண்டு மாசமாத்தான்னேன். அவ ரிப்போர்ட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. ரத்தம் பன்னண்டு இருக்கணும், உங்களுக்கு ஆறு இருக்கு, ரெண்டு மாசத்துல யாருக்கும் இப்படி ஆகாதும்மா, நிஜத்தைச் சொல்லுங்கன்னா. பக்கத்துல வீட்டுக்காரர் நின்னுக்கிட்டிருக்காரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரெண்டு வருஷம்னேன்.  வெளிய வந்தப்புறம் அவரு, நான் என்னடி உனக்கு வாடகைக்குக் குடியிருக்கிறவனான்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. 

உள்ள கட்டி. ஒண்ணு இல்ல, மூணு. டாக்டருங்க அதை எப்படிச் சொல்றாங்க தெரியுமா, கர்ப்பத்தை வச்சுத்தான் அளவு சொல்றாங்க. பதினாறு வாரக் கர்ப்பம் அளவுக்குப் பெருத்திருக்குன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. நாலு மாசம். புள்ளையில்லாம நாலு மாசம்.

இது உன் பொண்ணா? அங்கயே நின்னு பார்த்துக்கிட்டிருக்கா பாரு, கதவு மறைவுல. என் மூஞ்சியைப் பார்த்துப் பயப்படுறா. பயப்படட்டும், அவங்க அம்மாவே பயந்த மூஞ்சிதானே. எத்தனை மாசம்? பதினஞ்சா. பதினஞ்சு. இல்லம்மா, நான் ஒண்ணும் கணக்குப் போடல, சும்மா விரலை மடக்கி நீட்டினேன். உன் கண்ணு அப்படியே இருக்கு அவளுக்கு. ஐயோ, வராடா. கையை நீட்டுறா, தூக்கச் சொல்றா. தூக்கக் கூடாதுடா கண்ணு, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலுக்கு மேல எதையும் தூக்கக் கூடாதுன்னு பெரியம்மாவுக்கு... எனக்கு ஆர்டர் போட்டிருக்காங்க. நீ அம்மாகிட்ட போ. அந்த நூல்கண்டை எடுத்துக்கிட்டுப் போ, தப்பில்ல, உருட்டு.

எங்க விட்டேன். ஆங், ஆபரேஷன். உடனே பண்ண முடியாது, இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டு மேசையில படுக்க வச்சா நாங்க பொறுப்பில்லைன்னுட்டாங்க. மூணு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க, அப்புறம் ஒரு மாசம் இரும்பு ஊசி. யாரோ முன்னப்பின்ன தெரியாத மூணு பேரு ரத்தம். ரெண்டு வருஷம் நான் சாக்கடையில ஊத்தினதை யாரோ மூணு பேரு கையை நீட்டிக் குடுத்திருக்காங்க. அதைச் சொட்டுச் சொட்டாப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தேன்.

அட்மிட் ஆனா அதோட மானம் மரியாதையெல்லாம் கேட்லயே வாங்கி வச்சுடுறாங்கம்மா. ஒருத்தி வந்து வயித்துக்குக் கீழ ஷேவ் பண்ணிட்டுப் போறா, பண்ணிக்கிட்டே யாருகிட்டயோ போன்ல வீட்டுல தண்ணி வந்துச்சான்னு கேக்கிறா. இன்னொருத்தி எனிமா. மோதிரம் கழல மாட்டேங்குது, சோப்புப் போட்டு உருவினாங்க. மூணு பந்து வச்ச ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் குடுத்து, ஊதக் கூடாது, இழுக்கணும், மூணு பந்தும் மேல எழும்பணும்னாங்க. ஆபரேஷனுக்கப்புறம் நெஞ்சுல சளி கட்டாம இருக்கவாம். எனக்கு ஒரு பந்துதான் எழும்புச்சு. லைன்ல அத்தனை பேரையும் விரட்டின மூச்சு, ஒரு பந்துக்கு மேல தாங்கல.

எடுத்தப்புறம் அதை ஒரு தட்டுல வச்சு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாங்களாம். ஒரு கிலோ இருநூறு கிராம். அவரு பார்த்துட்டு வந்து, நான் கண்ணு முழிச்சதும், இதை வச்சுக்கிட்டாடி மெஷின் மெஷினா நடந்துக்கிட்டிருந்தன்னு கேட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அவரு அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் ஏதோ ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஒரே பையன், அவன் பத்து மாசம் குடியிருந்த வீடு அது. இடிச்சாச்சு.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் சிரிப்புதான். காத்து பிரியுற வரைக்கும் வாயில தண்ணி கிடையாது. காலையில பெரிய டாக்டர் நாலு பேரோட வந்து நின்னுக்கிட்டு, காத்து போச்சாம்மான்னு கேக்கிறாரு. போகல டாக்டர். மத்தியானம் நர்ஸு, காத்து போச்சா. சாயங்காலம் தரை துடைக்கிறவங்க, இன்னும் போகலியா. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு முதல்ல போச்சு, அவங்களுக்குக் கஞ்சி வந்துடுச்சு, எனக்கு ஒரே பொறாமை. கடைசியா எனக்குப் போனப்ப வார்டே சந்தோஷப்பட்டுச்சுன்னா பாரேன். சிரிக்கக் கூடாது, தையல் வலிக்கும். தலையணையை வயித்துல அமுக்கிப் புடிச்சுக்கிட்டுத்தான் சிரிக்கணும், இருமணும், தும்மணும். பார்த்தியா, நீகூட லேசா சிரிச்சுட்ட. சரி சரி, சிரிக்கல.

வீட்டுக்கு வந்தப்புறம் எங்க வீட்டுக்காரரு பார்த்துக்கிட்டாரு. கஞ்சி வைக்கக் கத்துக்கிட்டாரு. முதல் நாள் கரைஞ்சுபோச்சு, ரெண்டாம் நாள் அடி புடிச்சுடுச்சு, மூணாம் நாள் கஞ்சி மாதிரி இருந்துச்சு. என் துணியெல்லாம் அவரேதான் துவைச்சாரு. நான் படுத்துக்கிட்டு ஜன்னல் வழியாப் பார்க்கிறேன், முன்பக்கத்துக் கொடியில, வெயில்ல, எல்லாத்தையும் உதறி உதறிக் காயப் போடுறாரு. எதிர் வீட்டுக்காரங்ககிட்ட பேசிக்கிட்டே. இதுக்கா ரெண்டு வருஷம் ஒளிச்சோம்னு எனக்கு என் மேலேயே கோபம் கோபமா வந்துச்சு.

இல்ல, நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரியில நடந்தது. மூணாம் நாள். ட்யூபையெல்லாம் எடுத்துட்டாங்க, இனி நடக்கணும். ஒரு சின்ன நர்ஸு வந்து எழுந்திருங்கம்மா, ரெண்டு சுத்து நடக்கலாம்னா. நான் எழுந்திரிக்கல. தலை சுத்துதுன்னேன். அரை மணி கழிச்சு வந்தா. வலிக்குதுன்னேன். மறுபடியும் வந்தா, அப்புறம் பார்க்கலாம்னேன். என்னன்னா, எனக்குக் கீழ லேசா ஈரமா இருந்துச்சு. வெள்ளைப் படுக்கை விரிப்பு. தெரிஞ்சுபோச்சு எனக்கு. அதை மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அம்பது வயசாகப் போற பொம்பளை.

கடைசியில அவ அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்கிட்டா. பார்த்துட்டா. நான் கண்ணை இறுக மூடிக்கிட்டேன், இப்ப ஒரு சத்தம் வரும், வார்டே திரும்பும்னு. ஒண்ணும் வரல. ஒரு சொல்லு சொல்லலம்மா அவ. அந்த விரிப்பைச் சுருட்டி எடுத்தா, வேற விரிச்சா, என்னைத் துடைச்சு விட்டா, தலையணையை நிமித்தி வைக்கட்டுமான்னு கேட்டா. அவ்வளவுதான். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்ல. எனக்கு அழுகை வந்துச்சு பாரு, அடக்கவே முடியல. தையல் விண்ணு விண்ணுன்னு இழுக்குது, நிறுத்த முடியல. வலின்னு நினைச்சுக்கிட்டு அவ ஒரு ஊசியைக் குத்திட்டுப் போயிட்டா. அது வலிக்கா அழுத அழுகை, ஊசிக்கு அடங்க.

அப்பத்தான் உன் முகம் வந்துச்சு. அன்னையிலிருந்து தினமும் வருது.

மெஷினை நிறுத்தாதம்மா. ஓடட்டும். அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்.

அன்னைக்கு நடந்ததை உனக்கு நான் சொல்லணுமா, நீதானே அனுபவிச்சவ. ஆனா என் வாயால சொல்லிடுறேன். லைனுக்கு ஒரே டோக்கன். இருபத்தெட்டு பேருக்கு ஒரு சிவப்புத் தட்டு, அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் பாத்ரூம் போகணும், அது திரும்பி வந்தாத்தான் அடுத்தவ போகலாம். அந்தச் சட்டத்தைப் போட்டது நான் இல்ல, ஆனா தட்டு என் பையிலதான் இருந்துச்சு. நீ என் காது பக்கத்துல வந்து சொன்ன, நாள் தள்ளிப் போயிருக்கு மேடம், ரெண்டு மாசம், ஆறு வருஷம் கழிச்சு, அடிக்கடி போகணும் போல இருக்குன்னு. நானும் சரின்னேன். ஆனா ரேடியோ காதுல விழுந்து, சாயங்காலத்துக்குள்ள ரெண்டு ஃப்ளோருக்கும் தெரிஞ்சுபோச்சு. டோக்கன் எப்பப் பாரு உன் கழுத்துலதான்னு ஒரு பேச்சு. மத்தவங்களுக்கு எரிச்சல். எனக்கும் எரிச்சல்தான், உள்ளதைச் சொல்றேன். எனக்கும் அந்தத் தட்டு வேணுமா இருந்துச்சே.

டீ மணி அடிச்சு எல்லாரும் எழுந்தீங்க. ரேடியோதான் முதல்ல பார்த்தா. உன் ஸ்டூல் மேல கட்பீஸ்ல தைச்ச வெள்ளை உறை போட்டிருப்ப. அதுல கறை. உள்ளங்கை அகலம். அவ ஐயையோன்னா, மொத்த லைனும் திரும்புச்சு. நான் என்ன பேசினேன். சொல்லிடுறேன், இரு. ரெண்டு மாசம்னு கதை விட்டு டோக்கன் வாங்கினியே, இது என்னடின்னு கேட்டேன். டி போட்டுக் கேட்டேன். நீ எனக்கு இல்ல மேடம், எனக்கு இல்லன்னு திரும்பித் திரும்பிக் காட்டின. மெரூன் கலர் உடுத்தியிருந்த, அதுல யாருக்கு என்ன தெரியும். உறையைக் கழட்டித் துவைச்சுப் போட்டுட்டு, ஸ்டூலைத் துடைச்சு வச்சுட்டு அப்புறம் டீ குடிக்கப் போன்னேன். இருபத்தேழு பேரு கையில டீயை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நீ முட்டி போட்டுத் துடைச்ச. துடைச்சப்புறமும் துடைச்சுக்கிட்டே இருந்த.

மறுநாள் நீ வரல. அயர்ன் செக்‌ஷன்ல இருந்த உன் நாத்தனார் நீ வீடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிட்டான்னு அப்புறமாக் கேள்விப்பட்டேன். உன் மாமியார் என்ன பேசியிருப்பாங்கன்னு நான் கேக்க மாட்டேன். கேக்கிற யோக்கியதை எனக்கு இல்ல.

மன்னிப்புக் கேக்கவா வந்தீங்கன்னா? இல்லம்மா. அதைக் கேட்டுட்டா, பரவால்லன்னு நீ சொல்ல வேண்டியிருக்கும். எதுக்கு உனக்கு அந்தச் சங்கடம். அதுவும் இல்லாம மன்னிப்புக் கேக்கிறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு.

முடிஞ்சுதா அதுக்குள்ள? குடு பார்ப்போம். அடடா, பட்டியில ஒரு சுருக்கம் இல்லியே. எலாஸ்டிக்கை நாலு பக்கமும் புடிச்சு வச்சிருக்க. பாரு, பழக்கதோஷம், உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். இதுல குத்தம் கண்டுபிடிக்க யாராலயும் முடியாது. நீ போனப்புறம் அந்த மெஷின்ல எத்தனையோ பேரை உக்கார வச்சுப் பார்த்துட்டேன், உன் காலர் மாதிரி வரல. நீ டோக்கனை மாட்டிக்கிட்டுப் போனா காலர் குவிஞ்சுடும், அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க என்னாலயே முடியாது. அன்னைக்கும் அப்படித்தான், டீ மணிக்கு முன்னாடி நீ போயிருந்தப்ப இருபது நிமிஷம் உன் ஸ்டூல்ல உக்காந்து நான்தான் ஓட்டினேன். அந்த உறையில இருந்தது என்னோடதும்மா.

ஆமா. என்னோடது.

இல்ல, அப்புறமாத் தெரியல. அப்பவே தெரியும். எழுந்திரிக்கும்போதே ஒரு சந்தேகம், அதுக்குள்ள நீ அவசரமா வந்து பார்க்காமலே உக்காந்துட்ட. ரேடியோ ஐயையோன்னதும் நிச்சயம் ஆயிடுச்சு. ஒரு நிமிஷம், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துடுவாங்களோன்னு பயம். அதான் சத்தம் போட்டேன். சத்தம் போடுறவளை யாரும் சந்தேகப்பட மாட்டாங்கல்ல. நீ துடைச்சுக்கிட்டிருந்தப்பவே நான் பாத்ரூம் போயிட்டு வந்தேன். என் பேண்டைக் கழுவிக்கிட்டு. நீலம், ஒண்ணும் தெரியல.

என்ன சொன்ன? தெரியுமா? உனக்குத் தெரியுமா? எப்பத்திலிருந்து? அன்னைக்குச் சாயங்காலமே ஸ்கேன் எடுத்தியா. துடிப்புக் கேட்டுச்சா. சரிதான். உன்னுது இல்லைன்னா, அந்த ஸ்டூல்ல உக்காந்த இன்னொரு ஆளு யாரு. நான்தானே. ரெண்டு வருஷமாத் தெரியும் உனக்கு.

இரு, ஸ்கேனுக்கு முன்னாடி? உனக்கு ரத்தம் போகலைன்னு உனக்குத் தெரியுமே? பாத்ரூம்ல போய்ப் பார்த்திருப்பியே? பார்த்தும் பயமா. எல்லாரும் சொன்னதால உனக்கே... போயிடுச்சுன்னே நினைச்சுட்டியா. ஸ்கேன்ல கூப்பிடுற வரைக்கும். எவ்வளவு நேரம்? மூணு மணி நேரமா.

அதை நான் யோசிக்கவே இல்லம்மா. இந்த ரெண்டு மாசமும் படுத்துக்கிட்டு உன் மானம் போச்சே, வேலை போச்சேன்னுதான் நினைச்சேன். இது என் புத்திக்கு எட்டவே இல்ல. ஆறு வருஷம் கழிச்சு வந்ததை மூணு மணி நேரம் இல்லாம பண்ணியிருக்கேன் நான். இதோ, இந்தப் பொண்ணை.

அப்பவே ஏன் வந்து கேக்கலைன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேனா. இன்னும் நாலு சத்தம் சேர்த்துப் போட்டிருப்பேன்.

அங்க யாருக்கும் தெரியாது. இதை நீ கேப்பன்னு எனக்குத் தெரியும். இல்ல, சொல்லல. ரேடியோகிட்டகூடச் சொல்லல. இன்னும் கேளு. இன்னைக்கும் எவளாவது மாசமா இருக்கேன்னு டோக்கன் கேட்டா, ஒம்பதாம் மெஷின் மாசமான்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. புதுசா வந்ததுங்க, உன்னைப் பார்த்தேயிராததுங்க. நானும் அங்கதான் நிக்கிறேன், அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கிட்டு.

ஆமா, உன்கிட்ட சொல்றது சுலபம். மூணு மாடி ஏறினா முடிஞ்சுபோச்சு. உனக்குத்தான் ஏற்கனவே தெரியுமே, அப்ப நான் யாருகிட்ட என்னத்தைச் சொல்லிட்டேன்.

திங்கக்கிழமை. டீ மணி அடிச்சு எல்லாரும் எழுந்து நிக்கிற நேரம். ஒம்பதாம் மெஷின் பக்கத்துல நின்னு சொல்றேன். இந்தப் பேண்டைத்தான் போட்டுக்கிட்டுப் போவேன். சொல்லுவேனான்னு நீ கேக்கல, ஆனா உன் பார்வை கேக்குது. எனக்கும் நிச்சயமாத் தெரியலம்மா. இந்த வாயை எனக்கு நல்லாத் தெரியும்.

ஸ்டூலை மறுபடியும் தள்ளுறியா. வேண்டாம். எழுந்திரிக்கிறது பெரும்பாடுன்னு வந்ததும் சொன்னேன்ல, அதுவும் பொய்தான். ஆறாவது வாரத்திலிருந்து தரையில உக்காந்தே எழுந்திரிக்கிறேன். உன் ஸ்டூல்ல உக்கார எனக்கு முடியல, அவ்வளவுதான். அந்த இன்னொரு பேண்டு உன்கிட்டயே இருக்கட்டும், திங்கக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன். அங்க சொல்லிட்டு வந்தா உக்கார்றேன். சொல்லாம வந்தேன்னு வச்சுக்கோ, கதவைத் திறக்காத.